மேல்மாடியில் நீதி, கீழ்மாடியில் நலம்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த முதல் அழைப்பு, என் தொழிலை விழுங்க வந்திருக்கும் கைபேசிச் செயலி ஒன்றை வாழ்த்திப் பேசும்படி கேட்டது. இனிமேல் தமிழர் கைபேசிக்குள் கதைத்தால் அது ஆங்கிலத்தில் சொல்லுமாம்; வெள்ளைக்காரர் கதைத்தால் தமிழில் சொல்லுமாம். புதிதாக வேலைக்கு வரும் மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பழகும் கூட்டத்தில், பழைய ஆள் என்ற முறையில் நான் ஐந்து குறிப்புகள் தந்தால் நன்றாக இருக்குமாம். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடி அதைச் சோதித்துப் பார்த்தேன். "சும்மா வந்தனான்" என்றேன். "நான் இலவசமாக வந்தேன்" என்று அது ஆங்கிலத்தில் சொன்னது. கூட்டத்தில் பேசுவதற்குப் பணம் எதுவும் தரமாட்டோம் என்று அவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், அதைப் பிழை என்றும் சொல்ல முடியவில்லை.

ஐந்து குறிப்புகள் என்னிடம் இல்லை. ஒரு கட்டடமும் ஒரு மனுசியும்தான் ஞாபகத்தில் இருக்கிறார்கள். அதை எழுதித் தருகிறேன், விருப்பமென்றால் வாசியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை சுருக்கமானது. அகதியாக வந்த புதிதில் என் விசாரணைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர், நான் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு மிச்சத்துக்குத் தன் பங்குக்கு உப்புப் போட்டார். அந்த ஆத்திரத்தில் படித்தேன். மாலை வகுப்பு, சோதனை, சான்றிதழ். பிறகு ஆஸ்பத்திரி, கவுன்சில், உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகம், பள்ளிக்கூடம் என்று லண்டன் முழுவதும் மற்றவர்களின் வாயாகத் திரிந்தேன்.

இந்த வேலையின் முதல் விதி, மொழிபெயர்ப்பாளர் எப்போதும் "நான்" என்றே பேசவேண்டும் என்பது. "இவவுக்கு வயிற்றுக்குத்தாம்" என்று சொல்லக்கூடாது. "எனக்கு வயிற்றுக்குத்து" என்று சொல்லவேண்டும். அப்படி நான் பலமுறை பிள்ளை பெற்றிருக்கிறேன், விவாகரத்துக் கேட்டிருக்கிறேன், மூலவியாதிக்கு மருந்து வாங்கியிருக்கிறேன், மீசை அரும்பின பெடியனாக நின்று தலைமை ஆசிரியரிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். வீட்டில் நான் "எனக்குத் தலையிடி" என்று சொன்னால் என் மனுசன் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல் "ஆருக்கு?" என்று கேட்பார்.

கடைசியாக வேலை செய்த இடம் இல்ஃபோர்டில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு நிலையம். போர் முடிந்த நாட்டில் சமாதானத்தைக் கட்டியெழுப்புவது அதன் நோக்கம். நாடு எங்களுடையது, கட்டுகிற வேலை மட்டும் இல்ஃபோர்டில் நடந்தது. நீதியும் நலமும் சேர்ந்தால்தான் சமாதானம் நிற்கும் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தார்கள். நல்ல வசனம். நானும் நம்பித்தான் சேர்ந்தேன்.

ஆனால் நீதிக்கு ஒரு இடத்தில் இருந்தும் நலத்துக்கு இன்னொரு இடத்தில் இருந்தும் நிதி வந்தது. ஒன்றின் நிதியை மற்றதற்குச் செலவழிக்கக் கூடாது. ஆகவே நீதி மேல்மாடியில் இருந்தது, நலம் கீழ்மாடியில் இருந்தது. மேலே சட்டத்தரணி வாக்குமூலம் எடுப்பார். அங்கே மரக் கதிரை, மேசை, குளிர். ஹீட்டர் நலத்தின் செலவு என்பதால் மேலே யாரும் கோட்டைக் கழற்றுவதில்லை. கீழே கம்பளம், குஷன், லவண்டர் வாசம், படுத்துக் கண்ணை மூடுவதற்கு ஊதா நிறப் பாய்கள். கண்ணீர் துடைக்கும் டிஷ்யூ பெட்டியும் கீழேதான். மேலே ஒருவர் அழத் தொடங்கினால் சட்டத்தரணி பேனையை வைத்துவிட்டு அவரைக் கீழே அனுப்பவேண்டும். கீழே ஒருவர் மூச்சை இழுத்து விடும்போது யாராவது அதிகாரியின் பெயரைச் சொல்லிவிட்டால், உடனே நிறுத்தி மேலே அனுப்பவேண்டும். இரண்டு மாடிக்கும் நடுவில் லிப்ட் ஒன்று இருந்தது. அது யாருடைய செலவு என்று முடிவாகாததால் ஓடுவதில்லை.

எங்கள் இயக்குநர் ஹெலன் நல்ல மனுசி. இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. யாருக்கும் குரல் உயர்த்தமாட்டார். யார் எதைச் சொன்னாலும் தலையை இடது தோள் பக்கம் சரித்து, கண்ணைச் சுருக்கி, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" மூன்று தரம் வந்தால் நீங்கள் கேட்டது நடக்காது என்று அர்த்தம். "பிரச்சினை" என்ற சொல் அவர் வாயில் வராது; "பயணம்" என்பார். குழாய் ஒழுகினாலும் அது கட்டடத்தின் பயணம். வருகிறவர்களைப் பார்த்து அவர் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு: எனக்கு நிறைய வலி கேட்கிறது. விதிப்படி நான் அதை அப்படியே "எனக்குக் கனக்க நோ கேக்குது" என்று தமிழில் சொல்லவேண்டும். எங்கட சனம் தயங்காமல் பதில் சொல்லும்.

"ஓம், முழங்கால்தான். குளிருக்கு நீட்டி மடக்க ஏலாமல் கிடக்கு."

ஹெலன் அதையும் தலையைச் சரித்துக் கேட்டுக் குறித்துக்கொள்வார்.

கீழ்மாடிக் கதவில் ஒரு நாள் புதிய அறிவித்தல் ஒட்டினார்கள். இங்கே வந்தால் எதையும் பயப்படாமல் பேசலாம் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் எழுதி, வெளியே ஒரு கம்பனியிடம் கொடுத்துத் தமிழாக்கியிருந்தார்கள். பெரிய எழுத்தில், சுற்றிவரப் பூப்போட்டு, "இது பாதுகாப்பு வலயம்" என்று இருந்தது. அன்று வந்த ஒரு ஐயா கதவுக்கு முன்னால் நின்று அதை வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு நேரே பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார். நான் பின்னால் ஓடிப்போய்க் கேட்டேன்.

"தங்கச்சி, உப்பிடி ஒண்டுக்குள்ள ஒருக்காப் போய் வந்தனான். என்ர குடும்பத்தில பாதி அதுக்குள்ளதான் கிடக்கு. திரும்பப் போக மாட்டன்" என்றார்.

போரின் கடைசிக் கட்டத்தில் சனத்தைப் போகச் சொன்ன இடத்துக்கும் அதே பெயர்தான் என்று ஹெலனுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் உண்மையாகவே முகம் கறுத்துப் போனார். அறிவித்தலைத் தன் கையாலேயே கிழித்தார். அதற்குப் பதிலாக ஒரு தாமரைப் படம் ஒட்டினோம்.

பவளமக்கா அங்கே வந்தது அதற்குப் பிறகுதான். லண்டனின் மறுகோடியில் இருக்கும் சட்டனில் இருந்து ரயில் மாறி மாறி வருவார். எழுபது தாண்டிய, ஒல்லியான, எதற்கும் முகம் கோணாத மனுசி. வாடிக்கையாளர் தரும் உணவை வாங்கக்கூடாது என்று எங்களுக்கு விதி. அவர் கொண்டுவரும் ரோல்ஸை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு, "ஆரோ விட்டிட்டுப் போட்டினம் போல" என்று சொல்லிக்கொண்டு வந்து கதிரையில் இருப்பார். அதனால் விதியும் காப்பாற்றப்பட்டது, எங்கள் வயிறும் காப்பாற்றப்பட்டது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. போர் முடிந்த நாளில், சரணடைந்தவர்களைப் பதிகிற இடத்தில், தன் ஒரே மகனைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு அதிகாரியிடம் ஒப்படைத்தார். மகன் உயிரோடு, காலில் செருப்போடு, பஸ்ஸில் ஏறினதைக் கண்ணால் கண்டார். பிறகு அந்த மகன் இல்லை. கேட்ட இடமெல்லாம், அப்படி ஒருவரையும் நாங்கள் பொறுப்பெடுக்கவில்லை என்றார்கள். தான் கொடுத்தது உண்மை என்பதை, தான் சாகிறதுக்குள், தன் பெயரில் ஒரு வாக்குமூலமாக எழுதி வெளிநாட்டில் சாட்சியங்களைச் சேர்க்கும் அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆனால் அவரை இரண்டு மாடியும் பந்தாடின. மேலே மகனின் பெயரைச் சொல்லும்போது குரல் உடையும், கீழே அனுப்புவார்கள். கீழே ஹெலன் பாயில் படுக்கவைத்து, கடற்கரை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள் என்பார். நான் அதைத் தமிழில் சொல்வேன். பவளமக்காவுக்குக் கடற்கரை என்றால் போர் கடற்கரையில் முடிந்த அந்தக் கடைசி நாட்கள்தான் ஞாபகம் வரும். கண்ணை மூடிக்கொண்டே, "அவன் கண்ணாடி போட்டிருந்தவன், இடது கையில மணிக்கூடு" என்று அதிகாரியை வர்ணிக்கத் தொடங்குவார். ஹெலன் கையை உயர்த்துவார். அது மேல்மாடி விசயம். பவளமக்கா எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவார்.

"தங்கச்சி, அழாமல் சொன்னாத்தான் எழுதுவினம், சொல்லாமல் அழுதாத்தான் தடவுவினம் எண்டா நான் என்ன செய்ய?" என்று ஒரு நாள் படியில் நின்று கேட்டார். நான் மொழிபெயர்ப்பாளர், அபிப்பிராயம் சொல்லக்கூடாது. "பாத்துக் கால் வையுங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய வாக்குமூலத்தின் முதல் பகுதியை எடுத்த நாளில் நான் ரொறன்ரோவில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். எனக்குப் பதிலாக வித்யா வந்திருந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணவர் இங்கே ஐடியில் வேலை. சுத்தமான ஆங்கிலம், நேரம் தவறாத பழக்கம். அன்று வாக்குமூலம் எடுத்த சட்டத்தரணி பிறகு வேறு வேலைக்குப் போய்விட, ரெய்னர்ஸ் லேனில் பிறந்து வளர்ந்த ஆரணி என்ற இளம் சட்டத்தரணி பொறுப்பெடுத்தார். அவருக்குத் தமிழ் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிட்டது. எழுதி முடித்த ஆங்கிலப் பிரதியை, கையெழுத்து வைப்பதற்கு முன், வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுவது என் வேலை. சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோமா என்று பார்க்கும் கடைசிச் சந்தர்ப்பம் அது.

மேல்மாடியில், கோட்டோடு, மூவரும் இருந்தோம். பெயர், ஊர், இடம்பெயர்ந்த பாதை எல்லாம் சரியாக வந்தது. பிறகு இந்த வரி வந்தது. "அங்கே நின்ற அதிகாரி எனக்கு ஆறுதல் கூறி, விசாரித்துவிட்டு மகனை விடுவதாகச் சொன்னார்."

பவளமக்கா நிமிர்ந்தார்.

"ஆர் ஆறுதல் சொன்னது?"

"அந்த அதிகாரி."

"ஆருக்கு?"

"உங்களுக்கு எண்டு எழுதியிருக்கு அக்கா."

"பகிடியோ விடுறியள்?" அவர் குரல் இறங்கியது. "அவன் என்ர முகத்தைக் கூடப் பாக்கேல்லை. மகனை எப்ப விடுவியள் எண்டு கேட்டனான். பக்கத்தில நிண்ட தமிழ்ப் பெடியன் அவனைக் கேட்டுப்போட்டு எனக்குச் சொன்னவன், ஆறுதலா விசாரிச்சுப்போட்டு விடுவினமாம் அம்மா எண்டு. ஆறுதலா. அவைக்கு ஒரு அவசரமும் இல்லை எண்டு. அதுதான் நான் அவையிட்டக் கேட்ட கடைசிச் சொல்லு. அதைப் போய் இப்பிடி எழுதியிருக்கினமே."

நான் பிரதியை மேசையில் வைத்துவிட்டேன். அங்கேயும் என் தொழில்காரன் ஒருவன், அந்தத் தமிழ்ப் பெடியன், நின்றிருக்கிறான் என்பது ஒரு பக்கம்; அந்தச் சொல் இன்னொரு பக்கம். எங்கள் ஊர்ப் பேச்சில் "ஆறுதலா" என்றால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று அர்த்தம். பந்தியில் இருப்பவரிடம் "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்போம். கடைக்குப் போகிறவரிடம் "ஆறுதலா வாங்கோ" என்போம். அந்த அதிகாரி சொன்னது அவகாசம். எழுதப்பட்டதோ அனுதாபம்.

ஆரணி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வெயிற் அன்ரி, அம்மா என்னை ஆறுதலாச் சாப்பிடு எண்டு ஏசுவா. அந்த வேர்டா?"

"ஓம் பிள்ளை. அந்தச் சொல்லுத்தான்."

ஆரணி பேனையால் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டம் பேப்பரைக் கிழித்துவிட்டது.

வித்யாவுக்கு அன்று பின்னேரமே போன் எடுத்தேன். ஏசுவதற்குத்தான் எடுத்தேன். ஆனால் அவர் குரல் உடைந்துவிட்டது. "ஐயோ அக்கா, எங்க ஊர்ல ஆறுதல்னா ஆறுதல் மட்டும்தாங்க. ஆறுதலா விசாரிப்போம்னு சொன்னாருன்னா, அன்பா பேசினாருன்னுதான் நெனச்சேன். எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா அவங்க சொன்னதை நம்ம மாத்தக்கூடாதுன்னு ரூல் இருக்கே, அதான் அப்படியே விட்டுட்டேன்." இதற்கு மேல் என்னத்தை ஏசுவது. பிழை எங்கே வந்தது என்று எழுதித் தரச் சொன்னேன். இரவோடிரவாக அனுப்பிவிட்டார்.

ஒரு சொல்லைத் திருத்துவது சின்ன வேலை என்று நான் நினைத்தேன். கீழ்மாடியில் அதற்குள் அந்த வரி வளர்ந்துவிட்டிருந்தது. முதல் பிரதியில் அதைக் கண்ட நாளில் இருந்தே ஹெலனுக்கு அது பிடித்துப் போயிருந்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்தும் ஒரு ஆறுதல் வந்திருக்கிறது. சமாதானத்துக்கு இதைவிட என்ன வேண்டும். நகரத்துக்குள் நடக்க இருந்த எங்கள் வருடாந்தக் கூட்டத்துக்காக அட்டைகள் அச்சடித்துப் பெட்டி பெட்டியாக வந்திறங்கியிருந்தன. இரண்டு கைகள் பற்றிக்கொண்ட படம். கீழே, "அந்த இருளிலும் ஒரு கை எனக்கு ஆறுதல் தந்தது. ஒரு தாய்." கை எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்டேன். வடிவமைப்பாளர் சேர்த்தாராம்.

ஹெலனின் அறையில் அவரும் ஆரணியும் பவளமக்காவும் நானுமாக நால்வர் கூடினோம். ஆரணி நடந்ததைச் சொன்னார். ஹெலன் தலையைச் சரித்தார். ஒரு "ம்ம்" வந்தது. இரண்டாவதும் வந்தது. பிறகு மிக மென்மையாகச் சொன்னார்: இந்த அம்மாவுக்கு இது ஒரு நல்ல நினைவாக இருக்கலாம் அல்லவா. இப்போது அதைப் பிடுங்கி எடுத்தால் திரும்பவும் காயப்படுவாரே. வாக்குமூலத்தில் ஒரு மாதிரியும் அட்டையில் ஒரு மாதிரியும் இருந்தால் என்ன. அவர் இரண்டு உண்மைகளையும் சுமந்துகொண்டு பயணம் செய்யலாமே. இதைச் சொல்லிவிட்டு, அவரிடமே கேளுங்கள் என்று என்னைப் பார்த்தார்.

நான் பவளமக்காவிடம் ஒரு சொல் விடாமல் தமிழில் கேட்டேன். இந்தத் தொழிலில் என் வாயால் வந்தவற்றில் அதைப்போல அருவருத்துச் சொன்னது வேறு இல்லை.

பவளமக்கா ஒரு அட்டையை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இது ஆரின்ர கை?" என்று கேட்டார். அட்டையை மேசையில் குப்புற வைத்தார்.

"என்ர பிள்ளையைக் கொண்டுபோனவனை எனக்கு ஆறுதல் சொன்னவனாக்கிப் போட்டு, என்னைச் சுகமா இருக்கச் சொல்லுறாவோ? மேல எழுதினதும் என்ர பேரில. கீழ அடிச்சதும் என்ர பேரில. எனக்கு இருக்கிறது ஒரு வாய்தான் எண்டு சொல்லுங்கோ. இது மாறாமல் நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்க மாட்டன். உங்கட பாயிலயும் படுக்க மாட்டன்."

ஹெலனுக்கு மூன்றாவது "ம்ம்" வரவில்லை. அவருடைய மனம் இளகியதா, அல்லது கையெழுத்து இல்லாவிட்டால் இரண்டு மாடிக்கும் நிதி தருபவர்களுக்கு அறிக்கை எழுத முடியாது என்று ஆரணி நினைவூட்டியதா, எனக்குத் தெரியாது. அட்டைகளை நிறுத்திவைத்தார். பிறகு கீழ்மாடியில் அவற்றின் வெறும் பக்கத்தில் சனம் பூக்கள் கீறி நிறம் தீட்டியது. மேல்மாடியில் ஆரணி அந்த வரியைத் திருத்தி எழுதினார். என்னிடம் ஒரு தரம், பவளமக்காவிடம் ஒரு தரம், தன் அம்மாவிடம் போனில் ஒரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். வாசித்துக் காட்டினேன். பவளமக்கா ஒவ்வொரு வசனத்துக்கும் "ஓம்" என்றார். இடையில் அழவும் செய்தார். ஆரணி பேனையை வைக்கவில்லை, கீழே அனுப்பவும் இல்லை. தன் கைப்பையில் இருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். அது எந்த நிதியில் சேரும் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்து வைத்து முடிந்ததும் பவளமக்கா, "இப்ப நெஞ்சுக்க கொஞ்சம் காத்துப் போகுது" என்றார். கீழ்மாடியின் எல்லா மூச்சுப் பயிற்சியாலும் வராத காற்று அது.

வாக்குமூலம் வெளிநாட்டு அலுவலகத்துக்குப் போனது. நீண்ட நாள் சத்தமில்லை. பிறகு, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன், அந்த அலுவலகத்தில் இருந்து ஒரு அதிகாரி வீடியோவில் நேரே பவளமக்காவுடன் பேச விரும்புவதாகச் செய்தி வந்தது. பெரிய திரை கீழ்மாடியில் மட்டும்தான் இருந்தது. பவளமக்கா நல்ல சீலை உடுத்து, மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு குஷனில் இருந்தார். ஹெலன் ஒரு பக்கம், ஆரணி ஒரு பக்கம், நான் பக்கத்தில்.

திரையில் வந்தவர் மரியாதையான மனிதர். அக்காவின் துணிச்சலுக்கு நன்றி சொன்னார். வாக்குமூலம் தெளிவாக, பெறுமதியாக இருக்கிறது என்றார். நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். பவளமக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளித்தது. பிறகு திரையில் இருந்தவர், அது இன் டியூ கோர்ஸ் பரிசீலிக்கப்படும் என்றார்.

"உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்" என்று சொன்னேன்.

"உரிய காலம் எண்டா எப்ப எண்டு கேளுங்கோ தங்கச்சி."

கேட்டேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. இப்படியான விசயங்களுக்கு நாள் குறிக்க முடியாது என்றார். நிறையக் கோப்புகள் இருக்கின்றன, அவசரப்படக்கூடாது, தேவையான நேரத்தை எடுத்து நிதானமாகப் பார்ப்பார்கள் என்றார்.

பவளமக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சுத் தமிழில் சொல்லித் தப்ப எனக்கு எத்தனையோ சொல் தெரியும். ஆனால் அந்த மனிதர் சொன்னதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. வேறு வழியில்லை.

"ஆறுதலாப் பாப்பினமாம், அக்கா."

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஹெலனுக்கு எதுவும் விளங்கவில்லை. வழக்கம்போல டிஷ்யூ பெட்டியை மெல்ல முன்னுக்குத் தள்ளினார். பவளமக்கா அழவில்லை. திரையைப் பார்த்துக் கும்பிட்டார். மகனின் படத்தைக் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினார். குஷனில் கையூன்றி எழும்பி ஆரணியிடம் சொன்னார்.

"வா பிள்ளை, மேல போவம். இவையும் அதைத்தான் சொன்னவை எண்டு சேத்து எழுது."